செட்டு மாத்திரை

கிருஷ்ணப்ரியாவுக்குக் கன்னத்தில் சதை வைத்ததை ஊரே கொண்டாடியது. அதுவரை அந்தப் பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன வெள்ளத்தாயி, பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா" என்றுதான் கேட்பார்கள். கேட்டவர்கள் வீட்டில் என்னவோ நெய்யும் பருப்பும் வழிந்து ஓடிய மாதிரி. பரளச்சியைத் தாண்டி உள்ளே போகும் அந்தக் காட்டில், மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் போட்டு, மழை ஏமாற்றிய வருஷத்தில் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற சனம் அது. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கன்னம் என்று ஒன்று இருந்ததில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது இவளுக்கு மட்டும் முகம் வட்டமாகி இரண்டு கன்னமும் உப்பி வந்ததும், சடங்கு வீட்டிலும் கோயில் பொங்கலிலும் ஆளாளுக்குத் தாடையைப் பிடித்து, "பிள்ள தெளிஞ்சிட்டா" என்று கொஞ்சினார்கள். வெள்ளைத்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. கண் பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

சோறு போட்டு வந்த கன்னம் இல்லை அது. ஜெயக்குமார் அண்ணாச்சியின் மெடிக்கலில் இருந்து வந்த கன்னம்.

பிள்ளைக்கு ஐந்தாறு வயதிலிருந்தே புகையும் தூசியும் ஆகாது. வேலிக்கருவை பூக்கிற மாதங்களில் விடிந்ததும் தும்ம ஆரம்பித்தால் பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை தும்முவாள். மூட்டம் புகைகிற நாட்களில் இளைப்பு வந்து நெஞ்சு இழுத்துக்கொள்ளும். உடம்பெல்லாம் காசு அகலத்துக்குத் தடிப்புத் தடிப்பாக எழும்பும். அப்பன் அருஞ்சுனையும் ஆத்தாள் வெள்ளைத்தாயும் வேலை பார்ப்பதே மூட்டத்தில். இருக்கிற வீடோ மூட்டத்துக்கு நூறு அடி தள்ளி. புகையை விட்டு எங்கே போய் ஒளிய முடியும்? அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினால் இருவருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மெடிக்கல்.

செட்டு மாத்திரை என்றால் அந்தப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. கடை முன்னால் நின்று எங்கே வலிக்கிறது என்று சொன்னால் போதும். அண்ணாச்சி நாலைந்து டப்பாவைத் திறந்து மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பாதியாக உடைத்தது ஒன்று என்று எடுத்து, பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பார். அட்டையும் கிடையாது, பேரும் கிடையாது. "இளைப்புக்கு ரெண்டு செட்டு", "மூட்டு வலிக்கு நாலு செட்டு" என்று தேங்காய்ச் சில்லு கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிப் போவார்கள். குற்றம் சொல்லக் கூடாது, வேலை செய்யும். கிருஷ்ணப்ரியாவுக்கு முதல் தடவை கொடுத்த அன்று சாயங்காலமே தும்மல் நின்றது, தடிப்பு அமுங்கியது. அப்புறம் நிறுத்தினால் மறுபடி வந்தது. வந்தால் மறுபடி வாங்கினாள். இரண்டு வருஷமாக, காலையில் பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒரு வழக்கமாகிப் போனது.

முழுப் பரீட்சை லீவில்தான் நாய் கடித்தது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பழைய மூட்டம் ஒன்றைப் பிரித்துக் கரி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே பூசிய மண்ணைச் சுரண்டித் தள்ளி, உள்ளே இன்னும் கனன்று கிடக்கிற கட்டைமேல் தண்ணீர் தெளித்து, ஆறினதை அள்ளிச் சலிக்க வேண்டும். அடிமரத்துத் தூர்க்கரி தனி, குச்சிக்கரி தனி. சலிக்கிற இடத்தில் நிற்பவர்களுக்குப் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். வெள்ளைத்தாயும் அவள் மதினி முறையான முத்துலட்சுமியும் எதிரும் புதிருமாக நின்று சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்ரியா கம்மங்கூழும் மோர் மிளகாயும் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வந்தாள். கருவைப் புதருக்குள்ளிருந்து பாய்ந்த நாய் குலைக்கக்கூட இல்லை. நேராக வந்து கெண்டைக்காலைக் கவ்வியது.

முதலில் ஓடியது முத்துலட்சுமிதான். மூட்டு வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்று தினம் புலம்புகிறவள், மண்வெட்டியோடு ஓடினாள். நடு முதுகில் ஒரு போடு போட்டாள். நாய் பிள்ளையை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பியது. முழங்கையில் பல் உரசிக் கோடு போட்ட மாதிரி கீறியது. அதற்குள் அருஞ்சுனை கம்போடு வர, புதருக்குள் ஓடிப் போனது. அதற்கப்புறம் அந்த நாயை யாரும் பார்க்கவில்லை.

"மொளகாப் பொடிய அப்புங்க, வெசம் எறங்கிரும்" என்றாள் முத்துலட்சுமி, தன் கையைப் பார்க்காமலே.

"வேணாம்த்தே. சோப்புப் போட்டுக் கழுவணும்னு டீச்சர் சொன்னாங்க. ரொம்ப நேரம் கழுவணும்" என்று அழுதுகொண்டே சொன்னது பிள்ளை. கரி அணைக்க வைத்திருந்த டிரம் தண்ணீரில் இரண்டு பேருக்கும் கழுவினார்கள்.

வீரசோழன் ஊர்க்காரர் மதார் மைதீனின் ஷேர் ஆட்டோவைப் போன் போட்டு வரச் சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஆட்டோ குலுங்கிக்கொண்டு போகும்போது அருஞ்சுனை பெண்டாட்டி பக்கம் குனிந்து சொன்னான்.

"இந்தா, அங்க போயி அலர்ஜி கிலர்ஜின்னு வாயத் தொறந்துறாத."

"ஏன்?"

"கொரோனா ஊசி போட்டாகள்ல. அன்னைக்கு எனக்கு முன்னாடி நின்ன பொம்பளகிட்ட அலர்ஜி இருக்கான்னு கேட்டாக. ஆமான்னுச்சு. இங்க போட மாட்டோம், பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு திருப்பி அனுப்பிட்டாக. இது நாய்க்கடி. திருப்பி விட்டா எங்க போயி நிக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வேற எதுவும் வியாதி இருக்கா, மாத்திரை எதுவும் சாப்பிடுதா?" என்று கேட்டபோது வெள்ளைத்தாய், "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். மாத்திரை என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது. மெடிக்கலில் வாங்குவது செட்டுதானே. முத்துலட்சுமியும் அதையே சொன்னாள். பிள்ளைக்கு ஆழமான கடி என்று காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள், கையிலும் போட்டார்கள். முத்துலட்சுமிக்குக் கீறல்தானே என்று கையில் மட்டும் போட்டார்கள். திரும்பத் திரும்ப வரச் சொன்ன நாட்களில் இரண்டு பேரும் ஒழுங்காகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். ஒரு தவணைகூடத் தப்பவில்லை.

கடைசி ஊசிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெள்ளைத்தாய் மட்டும் போனாள். முத்துலட்சுமி முந்தின நாளே போய்ப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு இருந்தது ரேணுகாதேவி என்கிற டாக்டர், புதிதாக மாற்றலில் வந்தவர். ஊசி போடுகிற இடத்தைக் கடந்து போனவர் நின்றார். பிள்ளையின் தாடையைத் தொட்டு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெள்ளைத்தாய்க்குச் சந்தோஷம். டாக்டரம்மாகூடக் கொஞ்சுகிறார்களே.

"பிள்ளைக்கு என்ன மாத்திரை குடுக்குறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. முகம் இப்படி வீங்கியிருக்கு. கன்னத்துல முடி வளந்திருக்கு. கழுத்துக்குப் பின்னாடி பாருங்க, திமில் மாதிரி சதை. எத்தனை நாளா?"

"வீக்கம் இல்லம்மா, பிள்ள தெளிஞ்சிருக்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

டாக்டர் கோபப்பட்டார். ஆனால் குரலை உயர்த்தாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். தும்மல், இளைப்பு, தடிப்பு, மெடிக்கல், செட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சொல்லச் சொல்ல டாக்டர் முகம் மாறிக்கொண்டே போனது.

"அலர்ஜி இருந்தா ஊசி போட மாட்டீகன்னு இவுக அப்பாதான் சொல்ல வேணாம்னாக. அலர்ஜிக்கு இந்த ஊசி ஒத்துக்காதாம்மா?"

"நாய்க்கடி ஊசியை அலர்ஜின்னு சொல்லி யாருக்கும் நிறுத்த மாட்டோம்மா. பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே போடுவோம். அலர்ஜி இருக்கிற பிள்ளைக்கும் ஊசி நல்லா வேலை செய்யும். பிரச்சினை அலர்ஜி இல்ல. அதுக்குத் தின்ன மாத்திரை." டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. சும்மா பறக்குற தூசியப் பாத்தும் அது சண்டைக்குப் போனா, அதுதான் அலர்ஜி. நீங்க குடுத்த மாத்திரையில ஒண்ணு அந்தக் காவலையே தூங்க வச்சிரும். அதான் தும்மல் நின்னுச்சு. இந்த ஊசி, வெறிநாய்க்கடி விஷக்கிருமியை அடையாளம் காட்டி, 'வந்தா அடி'ன்னு அதே காவலுக்குச் சொல்லிக்குடுக்க வந்தது. தூங்குறவனுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்குறது?"

"அப்ப போட்ட ஊசி பூராம்?"

"எல்லாருக்கும் வீணாப் போயிரும்னு சொல்லல. புடிச்சும் இருக்கலாம். ஆனா கடிச்ச நாய் என்ன ஆச்சுன்னு தெரியல. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பாக்கணும். தெரியாம விட முடியாது."

அந்த வியாதி வந்தால் என்ன ஆகும் என்று வெள்ளைத்தாய் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் பிறந்த ஊரில், தண்ணீரைக் கண்டால் அலறிய ஒரு ஆளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

"இன்னியோட அந்தக் கருமத்த அடுப்புல போட்டுறேம்மா."

"போட்டுறாதீங்க! ரெண்டு வருஷமாத் தின்னது. திடீர்னு நிறுத்துனா அதுவே உயிருக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அதுக்கு அது என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராமுன்னு எனக்குத் தெரியணும். அட்டைய வாங்கிட்டு வாங்க. இன்னிக்கே."

வெறுத்துப்போன ஒன்றை இன்னும் தன் கையால் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்பதைக் கேட்டதும்தான் வெள்ளைத்தாய்க்கு ஆத்திரம் மூண்டது. பஸ்ஸில் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அப்ப இது என் கன்னம் இல்லையாம்மா?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளையை வீட்டில் விட்டாள். அருஞ்சுனையிடம் இரண்டே வார்த்தையில் நடந்ததைச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "ஊசி போடாமத் திருப்பி விட்டுருவாகளோன்னுதான் சொன்னேன்..." என்று ஆரம்பித்தான்.

"ஒங்க ரோசனைய ஒலையில போடுங்க" என்று சொல்லிவிட்டு, குடித்த தண்ணீர் நெஞ்சில் இறங்குவதற்குள் மெடிக்கலுக்கு நடந்தாள்.

சம்பள நாள், சாயங்கால நேரம். கடை முன்னால் கூட்டம். மூட்டத்திலிருந்து கரி முகத்தோடு அப்படியே வந்த பெண்கள், பருத்திக் காட்டு ஆட்கள், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர். ஜெயக்குமார் அண்ணாச்சி நெற்றியில் விபூதியும், வாய்க்கு வாய் 'தாயி', 'பிள்ள' என்ற அழைப்புமாகச் சிரித்துச் சிரித்து மடித்துக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் காட்சி என்றால் மொய் எழுதுவார், செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். அதுதான் கொடுமை.

"வா தாயி. பிள்ளைக்கா? அஞ்சு நாளைக்கு மடிச்சிரவா?"

"மடிக்க வேணாம். அதுல இருக்குற மாத்திர பேரு என்னன்னு சொல்லுங்க. அட்டையக் குடுங்க."

"பேரு ஒனக்கு எதுக்கு? நீ படிக்கவா போற?"

"நான் படிக்கல. டாக்டரம்மா படிப்பாக. எம்மக படிப்பா. குடுங்க."

அண்ணாச்சியின் கை நின்றது. "எந்த டாக்டரம்மா?"

வெள்ளைத்தாய் சொன்னாள். முகத்தைப் பற்றி, காவலைத் தூங்க வைப்பதைப் பற்றி, நாய்க்கடி ஊசி வீணாகப் போயிருக்கலாம் என்பதைப் பற்றி, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. சொல்லும்போதே குரல் கிறீச்சிட்டது.

"இந்தா வெள்ளத்தாயி, அளந்து பேசு" என்றார் அண்ணாச்சி. "மூச்சு விட முடியாம தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தியே, மறுநா ஓடி வெளையாண்டாளா இல்லையா? நான் என்ன வெசமா குடுத்தேன்?"

"ஒருக்காக் குடுத்தீக, சரி. ரெண்டு வருசமாவா?"

"நீ கேட்ட, குடுத்தேன். நான் ஒன் வீடு தேடி வந்து ஊட்டி விட்டேனா?"

அந்தச் சொல் அவளைச் சரியான இடத்தில் அடித்தது. ஊட்டியது அவள்தான். தேன் குழைத்து, நாக்கில் வைத்து, முழுங்கினாளா என்று வாயைத் திறந்து பார்த்தது அவள்தான். அடிபட்டவள் அழுவாள் என்று அண்ணாச்சி நினைத்திருப்பார்.

"ஆமா, நாந்தான் ஊட்டுனேன். எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்ல? தெரியாதுன்னு சொல்லுங்க பாப்போம், இந்த வெபூதி மேல அடிச்சு. தெரிஞ்சுதான அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டு வெறும் மாத்திரையாக் குடுக்குறீக? நல்ல சாமானுக்கு எதுக்கு மூஞ்சிய மறைக்கணும்?"

கூட்டத்தில் யாராவது ஒருத்தர் 'ஆமா' போடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். போட்டது முத்துலட்சுமி. அதுவும் அந்தப் பக்கத்துக்கு.

"போதும் வெள்ளத்தாயி, வாய மூடு" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முகத்தில் அப்பிய கரிமேல் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. "அண்ணாச்சி கடையச் சாத்திட்டா நாங்க எங்கிட்டுப் போறது? எம் மூட்டுக்கு ஒன் டாக்டரம்மா வந்து எண்ண தேய்ப்பாகளா? இந்த மாத்தர இல்லன்னா நான் காலையில கக்கூஸுக்கு உக்காந்து எந்திரிக்க முடியாது, தெரியுமா ஒனக்கு?"

"மதினி, நீயும் அதத்தான் திங்கிற. ஒனக்கும் நாய்..."

"என்னய எதுக்கு இழுக்குற? எனக்கு ஒண்ணும் இல்ல. அவுக அவுக ஒடம்பு அவுக அவுகளுக்கு. ஒன் பிள்ள ஒடம்பு சொத்த ஒடம்பு, அதுக்கு அண்ணாச்சி என்ன செய்வாக?"

பிள்ளைக்காக மண்வெட்டியோடு ஓடியவளின் வாயிலிருந்து அது வந்தது. வெள்ளைத்தாய் அவளை அறையத்தான் கை ஓங்கினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், கடைப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள். அண்ணாச்சி, "ஏய், ஏய்" என்று எழுந்திருப்பதற்குள் அவர் காலடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். வெட்டிப் போட்ட அட்டைகள், பாதி, முழுசு, வெள்ளி வெள்ளியாகத் தரையில் கொட்டின. உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி முந்தியில் கட்டினாள்.

"திருட்டுச் சிறுக்கி! போலீசக் கூப்பிடுறேன் பாரு."

"கூப்பிடுங்க. நல்லாக் கூப்பிடுங்க. வந்து இதுல எழுதியிருக்குறத அவுகளும் படிக்கட்டும்."

அவர் கூப்பிடவில்லை. அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் கூட்டம் மறுபடி பலகைமேல் சாய்ந்துவிட்டது. "எனக்கு நாலு செட்டு அண்ணாச்சி" என்று யாரோ கேட்டது அவள் முதுகில் விழுந்தது.

டாக்டர் அந்த அட்டைகளை மேஜைமேல் பரப்பிப் பார்த்தார். வெள்ளைத்தாய் வீட்டில் மிச்சமிருந்த ஒரு செட்டையும் பிரித்து வைத்தாள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை ஒன்றைத் தனியே தள்ளி, "இதுதான்" என்றார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் குறைப்பது என்று சொல்லிக் கொடுத்து, அதுவரைக்கும் தேவையானதை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார். இளைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்றும் கொடுத்தார். ரத்தம் மதுரைக்குப் போனது.

காத்திருந்த நாட்கள் சாதாரண நாட்கள் இல்லை. மேற்கேயிருந்து மேகாற்று கிளம்பிக் கரித்தூளை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து கொட்டியது. மாத்திரை குறையக் குறையப் பிள்ளைக்குத் தும்மல் திரும்பியது. மூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று அருஞ்சுனை அவளை எம்.ரெட்டியபட்டியில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். முத்துலட்சுமி வெள்ளைத்தாயோடு பேசுவதையே விட்டுவிட்டாள். ஒரே மூட்டத்தில், எதிரும் புதிருமாக நிற்கிற சல்லடையில், இரண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சலித்தார்கள். வெள்ளைத்தாய் ராங்கியாகவே நின்றாள். பிள்ளையைச் சொத்தை உடம்பு என்றவளிடம் என்ன பேச்சு? ஒரு தடவைகூட அவள் முழங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு வந்த அன்று, எம்.ரெட்டியபட்டியிலிருந்து பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"போதலம்மா. ஊசி புடிச்ச அளவு ரொம்பக் குறைச்சல்."

வெள்ளைத்தாய் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளுங்க. நாம கண்டுபிடிச்சிட்டோம். மறுபடி முதல்ல இருந்து ஊசி போடப் போறேன், அளவை மாத்தி. மாத்திரையும் இப்பக் குறைஞ்சிருக்கு. அது முடிஞ்சதும் திரும்ப ரத்தம் பாப்போம். அன்னைக்குக் காயத்தைச் சுத்திப் போட்ட ஊசி, அது வெளியில இருந்து கூட்டிட்டு வந்து வச்ச காவல். கொஞ்ச நாளைக்குத்தான் நிக்கும், ஆனா ஆரம்பத்துல அது கை குடுத்திருக்கும். பிள்ளையக் காப்பாத்திரலாம்."

காயத்தைச் சுற்றிப் போட்ட ஊசி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வெள்ளைத்தாய்க்கு முத்துலட்சுமியின் முழங்கை ஞாபகம் வந்தது.

"அம்மா, எங்கூட வேல பாக்குறவ, எங்க மதினி. அவளுக்கும் அந்த நாய்தான். அவளும் நாலு வருசமா இந்தச் செட்டுதான் திங்கிறா. மூட்டு வலிக்கு."

"அவங்களுக்குக் காயத்துல போட்டாங்களா?"

"கீறல்தானன்னு கையில மட்டும் போட்டாக."

டாக்டர் பேனாவை மூடினார். "ரத்தம் வந்திருந்தாலும் வரலன்னாலும், இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அதையும் போட்டிருக்கணும். மாத்திரை சாப்பிடுறேன்னு அவங்க சொன்னாத்தான எங்களுக்குத் தெரியும்? இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு வச்சிறாதீங்க."

பிள்ளைக்கு ஊசி போடும்வரை நின்று, அருஞ்சுனையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மதார் மைதீனின் ஆட்டோவை மூட்டத்துக்கு விடச் சொன்னாள். வழி முழுக்க அவளுக்குக் கோபம்தான். யார்மேல் என்றால் எல்லார்மேலும். அண்ணாச்சிமேல், புருஷன்மேல், பிள்ளையின் கன்னத்தைக் கொஞ்சிய ஊர்மேல், இத்தனை நாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்ற தன்மேல். எல்லாவற்றையும்விட அதிகமாக முத்துலட்சுமிமேல்.

மூட்டம் பிரித்துப் போட்டிருந்தார்கள். அனல் அடித்தது. முத்துலட்சுமி தனியாகச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, கெளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

சல்லடை நிற்கவில்லை. "வேல கெடக்கு."

"எம்மகளுக்கு ஊசி புடிக்கலையாம். முடிவு வந்திருச்சு. ஒனக்கும் புடிச்சிருக்காது. ஒனக்குக் காயத்துலயும் போடல. கெளம்புன்னேன்ல?"

"நாய்க்கு வெறி இருந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். போ, போ. ஒன் சோலியப் பாரு."

"தெரியுறப்ப வந்து என்னத்தப் புடுங்க முடியும்? தெரிஞ்சதுக்கப்புறம் அதுக்கு வைத்தியமே கெடையாது, அது தெரியுமா ஒனக்கு? மூதி, ஒன்ன மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல. எம் பிள்ளைக்காக நாய் வாயில கையக் குடுத்த, இப்ப ஒனக்காக ரெண்டு எட்டு வச்சு ஆட்டோவுல ஏற மாட்டியா? அண்ணாச்சி வந்து ஒன்னத் தூக்கிப் போடுவாருன்னு நெனப்பா?" வெள்ளைத்தாய் சல்லடையைப் பிடித்து இழுத்தாள். கரி இரண்டு பேர் காலிலும் சரிந்து கொட்டியது. "நீ சாகணும்னா சாவு. ஆனா எம்மகளுக்காக வாங்குன கடியில சாகாத. அத நான் எங்க போயிச் சொல்லி அழுவேன்?"

முத்துலட்சுமி வெறுங்கையோடு நின்றாள். அவளிடமும் ஏச்சு இருக்கும், எடுத்து வீசுவாள் என்று வெள்ளைத்தாய் காத்திருந்தாள். அவள் குனிந்து கொட்டிய கரியைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெடிக்கல்ல நீ கத்துனியே, அப்பவே தெரியும். ஒன் பிள்ளைக்குப் புடிக்கலன்னா எனக்கும் புடிக்காதுன்னு அந்த எடத்துலயே விளங்கிருச்சு. அதான் ஒன்னப் பேச விடல." கையில் பொறுக்கியதை மறுபடி கீழே போட்டாள். "அன்னையில இருந்து தண்ணிச் செம்பத் தூக்குறப்பல்லாம், முழுங்க முடியுதா, முழுங்க முடியுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுக் குடிக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரியாம."

வெள்ளைத்தாய்க்கு இன்னும் திட்டத்தான் வாய் வந்தது. திட்டுவதற்கு அத்தனை இருந்தது. ரோட்டில் மதார் மைதீன், "அக்கா, நேரமாகுது" என்று குரல் கொடுத்தான். அவள் முத்துலட்சுமியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். மூட்டு மடங்காமல் முத்துலட்சுமி அவள்மேல் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தாள். இரண்டு பேரும் கரிக் காட்டைக் கடந்து ஆட்டோ வரைக்கும் வந்தார்கள். படியில் ஒரு காலை வைத்துவிட்டு முத்துலட்சுமி நின்றாள்.

"பயமா இருக்கு வெள்ளத்தாயி."

"எனக்குந்தான் மதினி. ஏறு."